யாங்கோனில் ஒரு கரண்டிச் சோறு

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில் உண்டு, சுடவில்லை. நாகப்பட்டினத்தின் தை மாதக் காலை மாதிரி. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று.

இரண்டு விமானம். இரண்டிலும் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. ஓரத்தில் இருந்த மனுஷன் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கினார். கடலைத் தாண்டுகிறோம், ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா!

கொண்டுவந்தவை: நெத்திலிக் கருவாடு (மூன்று உறை போட்டு), வடுமாங்காய், கைமுறுக்கு, இட்லிப் பொடி, முரளிக்கு இரண்டு கைலி. கைலி வீண். இங்கே ஆபீஸ் போகிறவர்கள்கூடக் கைலிதான் கட்டுகிறார்கள். கைப்பையில் அந்தக் கடிதம்.

கடிதம்: தூத்துக்குடி பருப்பு மில்லில் மேலாளர் வேலை. என் தம்பி நாயாய் அலைந்து வாங்கியது. மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். முரளி மூன்று வருஷமாக இங்கே ஏற்றுமதிக் கம்பெனியில் உளுந்துக்குத் தரம் பார்க்கிறான். நம் ஊர் இட்லிக்கு இங்கிருந்து உளுந்து கப்பலேறுகிறது, சரி. அதற்காக என் ஒரே பிள்ளையும் இங்கேயே கிடக்க வேண்டுமா? வாரத்துக்கு ஒரு போன். அதிலும் பாதி "நெட் இல்லம்மா, கரண்ட் இல்லம்மா". கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். இவருக்கு முட்டி வலி, வரவில்லை. "சண்டை போடாம பேசு பார்வதி" என்று சொல்லி அனுப்பினார். நான் எப்போது சண்டை போட்டேன்?

வீடு போட்டாதாங் பக்கம், ஆற்றுக்கு அருகே, பேருக்குப் பதில் எண் வைத்த தெரு. நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. எல்லா பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்குகிறது, நுனியில் கிளிப், சிலதில் மணி. பேப்பர்காரர் கீழே மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்கிறார்கள். புத்திசாலிகள்.

வீட்டுக்காரி இரண்டாவது மாடி. லெட்சுமி. இங்கே டோ லெட்சுமி. டோ என்பது நம் 'அம்மா' போல மரியாதைக்கு. தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில் வேலைக்கு வந்தவர்கள். பர்மா லுங்கி, கன்னத்தில் தனகா (சந்தனம் மாதிரி இழைக்கிற மரப்பட்டை) பூச்சு, நெற்றியில் குங்குமம். புருஷன் மாவ்பியில் காய்கறித் தோட்டம் பார்க்கிறார், சனிக்கிழமைதான் வருவாராம். ஒரே பெண், ஜப்பானில் வேலை.

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா! சொகமா வந்தீங்களா? தமின் சாப்ட்டாச்சா?" தமின் என்றால் சோறாம்.

அக்காவாம்! அவளுக்குத் தலை முழுக்க நரை. நான் மை போடுகிறேன் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் ஆறரைக்குக் கயிற்று மணி அடித்தது. முரளி பால்கனிக்கு ஓடி இழுத்தான். நுனியில் டிபன் கேரியர். பூசணிக் குழம்பு, வறுத்த மீன், புளிச்சக்கீரைச் சாறு. "நான் ஆபீஸ்லேர்ந்து லேட்டா வந்தா லெட்சுமிம்மா இப்படித்தான் அனுப்புவாங்க" என்றான். லெட்சுமிம்மா! மூன்று வருஷமாக என் பிள்ளையை ஒருத்தி கயிற்றில் கட்டிச் சோறு போட்டிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். பட முடியவில்லை.

முரளி ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறான். நாள் வாரியாக என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது. கோயில், ரயில், படகுத்துறை. மூன்று பெரிய ஓட்டல். ஊரில் இருந்தபோது "வீட்லயே தோசை ஊத்தும்மா" என்ற பிள்ளை. எதற்கு இந்த உபசாரம்? அவனும் ஏதோ சொல்ல வைத்திருக்கிறான். நானும் வைத்திருக்கிறேன். யார் முதலில் வாயைத் திறப்பது, பார்ப்போம்.

டிசம்பர் 8, திங்கள்

விடியற்காலை பனிமூட்டம். காகங்கள், காகங்கள். நாகையில் மொத்தமாக இருப்பதைவிட இந்தத் தெருவில் அதிகம்.

முரளிக்கு வேலை. லெட்சுமி கூட்டிப் போனாள், ஸ்வேடகோன் பகோடாவுக்கு. வெறுங்கால். சலவைக்கல் ஐஸ் மாதிரி. ஏறி மேலே வந்தோம். அத்தனை தங்கம், அத்தனை அமைதி. பெண்கள் வரிசையாக நின்று துடைப்பம் போடுகிறார்கள், அதுவே வழிபாடாம். எனக்கும் ஒன்று கொடுத்தால் போடுவேன் போலிருந்தது. நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அப்புறம்தான் வம்பு. பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, ஒரு மிருகம். உன் மூலையில் உள்ள புத்தருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வயதுக்கு ஒரு குவளை.

"வயசு எத்தினிக்கா?"

"அறுபத்தொண்ணு."

பாஸ்போர்ட்படி அறுபத்தொன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இரண்டு வயது குறைத்துப் போட்டு, தேதியும் அவரே ஒன்று எழுதிவிட்டார். நிஜத்தில் அறுபத்து மூன்று. ஆடி வெள்ளி, தெருவில் கூழ் ஊற்றுகிற நேரத்தில் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவாள். இதையெல்லாம் இவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

பாஸ்போர்ட் தேதியை அவள் போனில் போட்டுப் பார்த்தாள். செவ்வாய். சிங்கம். வெள்ளிக்கிழமை மூலைக்கு என்ன என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பெருச்சாளி மாதிரி ஒன்று. சிங்கமே இருக்கட்டும்! அறுபத்தொரு குவளை ஊற்றினேன். பக்கத்தில் நின்று அவள் எண்ணினாள், சத்தமாக, தமிழில்.

"எனக்கு அறுவத்திரண்டு. அப்ப நாந்தான் மூத்தவ. பார்வதி, வா, மோர் மாதிரி ஒண்ணு விப்பாங்க, குடிக்கலாம்."

அக்கா என்றபோது கோபம் வந்தது. பார்வதி என்றபோது அதைவிடக் கோபம் வந்தது.

நாலு மணிக்கு முரளியோடு ஸ்ட்ராண்ட் ரோட்டில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல். தேநீர் விருந்து. பளபளவென்று கெட்டில், மூன்று அடுக்குத் தட்டு. கீழே ரொட்டி, நடுவில் ஏதோ பன், மேலே விரல்கடை கேக். ரொட்டியின் ஓரத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த ஓரங்கள் எங்கே போகும்? முரளியைக் கேட்டேன். "அம்மா, மெதுவா" என்றான். மெதுவாகத்தான் கேட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரியவில்லை, கன்டெய்னர்தான் தெரிகிறது. ஆனால் மேசை விரிப்பு! கஞ்சி போட்டுத் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லை. பரிமாறியவருக்கு என் வயது இருக்கும். எனக்கு நாற்காலி நகர்த்திக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. இருபத்தெட்டு வருஷம் மீன்வளத்துறையில் தட்டச்சு செய்தேன், என் நாற்காலியை நகர்த்தியவன் எல்லாம் எடுத்துக்கொண்டு போகத்தான் நகர்த்தினான்.

முரளி இரண்டு முறை "அம்மா..." என்று ஆரம்பித்தான். இரண்டு முறையும் "இன்னொரு கேக் சாப்பிடு" என்று முடித்தான். நானும் பையைத் திறந்து மூடினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கோபத்தில் எழுதுகிறேன். கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

காலை: வட்ட ரயில். ஊரைச் சுற்றி வரும், மாட்டுவண்டி வேகம். இன்சீன் வரை போனோம். கூடைக்காரிகள் ஏறி ஓடுகிற ரயிலிலேயே கடை பரப்பிவிட்டார்கள். காடை முட்டை, நறுக்கிய கொய்யா, மிளகாய் உப்பு. லெட்சுமி ரயில் பட்டறைச் சுவரைக் காட்டினாள். "எங்க அப்பாரு இங்கதான், முப்பது வருசம். சங்கு ஊதுனா எங்க ஆத்தா ஒல வைக்கும்." அந்த நேரம் அவளைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், நியாயமாக.

மத்தியானம் அவள் வீட்டில் சாப்பாடு. முரளியும் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். உட்காருவதற்கு முன்னால் நேராகச் சமையலறைக்குப் போனான். நீல ஓரம் போட்ட சின்னத் தட்டு ஒன்றை எடுத்து, ஒரு கரண்டிச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு, ஒரு துண்டு மீன். அலமாரித் தட்டில் வைத்து இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டான். பிறகு எனக்கு முதலில் போட்டு, எல்லாருக்கும் போட்டு, ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. படையல்! இவள் வீட்டுச் செத்தவர்களுக்கு என் பிள்ளை படையல் போடுகிறான்! ஆண் பிள்ளை இல்லாத வீடு, சரி. அதற்கு என் பிள்ளைதானா கிடைத்தான்? தகப்பன் உயிரோடு இருக்கிறவன் அதெல்லாம் செய்யக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவளுக்குத் தெரியாதா? இங்கே வந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டார்களா?

ஆனால் வைத்தது வைத்தாயிற்று. எடுத்து வைத்த சோறு அப்படியே காய்ந்துகொண்டு கிடக்கலாமா? லெட்சுமி கை கழுவப் போனாள். நான் தட்டை எடுத்துப் பால்கனிக் கட்டையில் கொட்டி, "கா, கா" என்றேன். இந்த ஊர்க் காகத்துக்குக் கூப்பிடவே தேவையில்லை. நாலு பாய்ந்து வந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லை.

அவள் திரும்பி வந்தாள். சொன்னேன், கோபத்தை அடக்கிக்கொண்டு: "காக்கா ஒடனே எடுத்துடுச்சு. யாரா இருந்தாலும் மனசு நெறஞ்சிருக்கும்."

"ஐயையோ!" என்றாள். காலித் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ பார்வதி..."  தட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். துக்கம் பொங்கிவிட்டது போல என்று நினைத்து நான் மாடிக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்கே கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். இந்த வாரமே டிக்கெட்.

அதே நாள், ஓட்டலிலிருந்து வந்த பிறகு

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். என் லட்சணம் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆறு மணிக்குப் பழைய காலத்து பங்களா ஓட்டல். உயரமான கூரை, நீளக் கம்பியில் மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி, மூங்கில் திரை. ஏழு தட்டு விருந்தாம். ஏழையும் சேர்த்தால் ஒரு கைப்பிடி. ஒன்று: ஊறின தேயிலையில் கலவை, வறுத்த பயறு, எள், பூண்டு (எனக்குப் பிடித்தது). இரண்டு: இஞ்சி. மூன்று: புளிச்சக்கீரைச் சாறு, லெட்சுமி வைத்ததில் பாதிகூட இல்லை. நான்கு: ஆற்று இறால், தலையோடு, தக்காளி எண்ணெயில். இறால் புதுசு. தலையை உறிஞ்சலாமா கூடாதா என்று யோசித்து, உறிஞ்சினேன்.

இறால் தட்டை எடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அந்தத் தட்டு யாருக்குடா?"

"எந்தத் தட்டும்மா?"

"மத்தியானம் எடுத்து வச்சு கும்பிட்டியே. அப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, நீ எவனுக்குடா படையல் போடறே?"

முரளி முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அம்மா, அது அப்பாவுக்குத்தான்."

"அப்பாவுக்கா? உசுரோட இருக்கறவருக்காடா?"

"படையல் இல்லம்மா. இங்க எல்லார் வீட்லயும் செய்யறது. பெரியவங்களுக்குத்தான் மொதக் கரண்டி. அவங்க பக்கத்துல இல்லன்னா, அவங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டுத்தான் நாம சாப்பிடணும். உசுரோட இருக்கறவங்களுக்கும்மா. நான் குடிவந்த அன்னிக்கே லெட்சுமிம்மா சொல்லிட்டாங்க, ஒன் அப்பா அம்மாவுக்கு வைக்காம என் வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு. தெனம் ரெண்டு கரண்டி. ஒனக்கொண்ணு, அப்பாவுக்கொண்ணு. இன்னிக்கு நீயே இருக்கே, ஒன்னோடது ஒன் தட்டுக்கு வந்துடுச்சு. அப்பாவோடது மட்டும் வச்சேன். எல்லாரும் சாப்பிட்டப்பறம் அதையும் நானே சாப்பிடுவேன். இன்னிக்கு அவசரத்துல கெளம்பிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா காணோம்."

"காக்காய்க்கு வச்சுட்டேன்டா."

"என்னது?"

"காக்காய்க்கு. அப்பாவோடத."

ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  எழுந்து வராந்தாவுக்குப் போய் ஊருக்குப் போன் போட்டேன். நல்ல வேளை, கிடைத்தது.

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஏன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"முட்டி வலிக்குது. ஒன் தங்கச்சி குடுத்துவிட்ட ரசத்துல உப்பு இல்ல."

"வேற ஒண்ணும் இல்லயே? மூச்சு, கீச்சு?"

"என்னடி ஆச்சு ஒனக்கு? சண்டை போட்டியா?"

வைத்துவிட்டேன். ஐந்து, ஆறு, ஏழாவது தட்டு என்ன என்று நினைவில்லை. கடைசியில் ரவையைச் சுட்டு மேலே கசகசா தூவின இனிப்பு. அதன் ருசியும் தெரியவில்லை.

மூன்று வருஷம். வாரத்துக்கு ஒரு போன் என்று கண்ட ஆளிடம் எல்லாம் அவனைத் திட்டினேன். இங்கே தினம் எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்திருக்கிறான். அதை அவன் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. செய்ய வைத்தது யார்? நான் யார் மேல் கோபப்பட்டேனோ, அவள்.

கடிதம் கொடுக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

கரண்ட் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் குளியல். மை கரைகிறது, தலை ஓரம் வெளுப்பு தெரிகிறது. போகட்டும்.

ஏழு மணிக்குக் கீழே இறங்கினேன். கதவு பூட்டு. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு லெட்சுமி வந்தாள், கையில் தேங்காய் மூடி, விபூதிப் பொட்டலம். அம்மன் கோயிலிலிருந்து. இவர் பேருக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிறாள்! முரளியிடம் முன்னாடியே நட்சத்திரம் கேட்டு வைத்திருக்கிறாள். "ரோகிணிதானே? ஆயுசுக்கு வேண்டிகிட்டேன். காக்கா தின்னா ஒண்ணுமில்ல, யாதே, கெவுளிகூட நல்ல பக்கம் சொல்லிச்சு." யாதே என்றால் பரவாயில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறாள்.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எப்பிடிச் சொல்றது? ஒன் புருசனுக்கு வச்சத நீயே காக்காய்க்கு போட்டுட்டேன்னு ஒம் மொகத்தப் பாத்து சொல்ல வாய் வருமா?"

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது வராது, எல்லாருக்கும் தெரியும். கேட்டேன். அவள் கேட்காத மாதிரி மொஹிங்கா ஊற்றி வைத்தாள். மீன் குழம்பில் அரிசி நூல், மேலே வாழைத்தண்டு, பருப்பு வடை நொறுக்கிப் போட்டு. மீன் விரால்தான், முள் எடுத்த விதம் கச்சிதம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். மூன்று ஓட்டலும் இதன் கால் தூசு பெறாது. (மூன்றாவது ஓட்டல் நாளைக்கு. இருந்தாலும்.)

அப்புறம் போட்டாதாங் படகுத்துறை வரை நடை. மூட்டை சுமப்பவர்கள் பலகை மேல் ஓட்டமாக இறங்குகிறார்கள். கடற்பறவைகளுக்குப் பொரி போட்டோம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே அவள் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. போய் நாலு வருஷம்.

"அது அங்க எனக்கு எடுத்து வைக்குதான்னு தெரியல பார்வதி."

"கேக்கறதுதானே?"

"மாட்டேன். இல்லேன்னு சொல்லிட்டா?"

மிச்சப் பொரியையும் பறவைகளுக்கு வீசினேன். நான் கேட்டேன், "முரளி என்னமோ சொல்ல வந்து சொல்லாம இருக்கான். ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இங்கயேதான் இருக்கப் போறானா?"

அவள் பொரிப் பையை மடித்தாள், விரித்தாள். "அவன் வாயால சொல்லட்டும். ஒரு மாசமா ராத்தூக்கம் இல்ல அதுக்கு. அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது, எங்க வச்சு சொல்றதுன்னு. நல்ல எடமா கூட்டிட்டுப் போயி சொல்லுன்னு நாந்தான் சொன்னேன். தப்புன்னா என்னத் திட்டு."

அப்படியானால் ஓட்டல், கேக், ஏழு தட்டு எல்லாம் இதற்குத்தான். நினைத்ததுதான். நினைத்தது சரி என்று தெரிந்தபோது வலித்தது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவன் வரப் போவதில்லை. என் பிள்ளை வரப் போவதில்லை. முப்பத்து மூன்று வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து விமானத்தில் ஏற்ற முடியுமா? முடியும் என்று நினைத்துத்தானே வந்தேன், பைத்தியக்காரி.

டிசம்பர் 11, வியாழன்

வானம் சுத்தம். மூட்டை கட்டியாயிற்று. நாளை மத்தியானம் விமானம்.

வாங்கியவை: தேயிலை ஊறல் இரண்டு பொட்டலம், தனகாக் கட்டை ஒன்று (தங்கச்சிக்கு), இவருக்கு முட்டித் தைலம், லெட்சுமி சொன்ன கடையில்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆற்றோர ஓட்டல். மரத்தளம், தண்ணீர் மேலேயே. லெட்சுமியும் வர வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பட்டுப் புடவை கட்டி வந்தாள், கல்யாணப் புடவையாம், கற்பூர வாசனை. எதிர்க்கரைக்குப் படகுகள் போய்வந்தபடி. வெயில் ஆற்றில் இறங்குகிற நேரம்.

முரளி எதையும் ரசிக்கவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்து வைத்தான். எட்டு வயதில் கணக்குப் பேப்பரைக் காட்ட வந்தபோது இதே முகம்.

பெரிய நீளத் தட்டில் முழு மீன் வந்தது. எலுமிச்சை, பூண்டு, பச்சை மிளகாய் போட்டு ஆவியில் வேக வைத்தது. கொடுவா. நம் கொடுவாதான், கண் வெள்ளை முத்தாய்ப் பிதுங்கி, சதை பாளம் பாளமாய், இன்றைக்குப் பிடித்தது. பரிமாற வந்தவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். கழுத்துக்குக் கீழே, முள் இல்லாத, நெய் மாதிரி சதை இருக்கும் இடம். மீன் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது யாருக்குப் போக வேண்டும் என்று. இத்தனை வருஷம் அது முரளிக்குத்தான் போயிருக்கிறது.

அதை எடுத்து லெட்சுமி தட்டில் வைத்தேன்.

"சாப்பிடுங்கக்கா."

அவள் கையைத் தட்டுக்கு மேலே மறைத்தாள். "ஐயோ, எனக்கு எதுக்கு மொதல்ல? நீ முரளிக்கு அம்மா..."

"நீங்க மூத்தவங்க. எனக்கு அறுபத்தொண்ணுதான். பக்கத்துல நின்னு எண்ணினீங்களே, மறந்துடுச்சா?"

எனக்கு அறுபத்து மூன்று. பெரிய ஓட்டலில், ஆற்றின் மேல் உட்கார்ந்து, கூசாமல் பொய் சொன்னேன். இந்தப் பொய்யை மாற்றுவதாக இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு கரண்டியை மெதுவாகச் சாப்பிட்டாள். முரளி என்னையே பார்த்தான். அப்புறம் ஒரே மூச்சில், "அம்மா, நான் இன்னும் மூணு வருஷத்துக்கு கையெழுத்துப் போட்டுட்டேன். இங்க நான் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் உளுந்து கப்பல்ல ஏறும், வேணாம்னா நிக்கும். அங்க வந்தா மறுபடி யாருக்கோ கீழ..."

"தெரியும். மீன் ஆறுது, எடு."

"அம்மா..."

"வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரணும். வாரத்துக்கு ரெண்டு போன். கரண்ட் இல்லன்னா கயித்துல கட்டியாவது பேசு."

சிரித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். அவன் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது, தடவினேன். யார் பார்த்தால் என்ன?

வருத்தமா? வருத்தம்தான்.  ஆனால் மீனை நன்றாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி. விமான நிலையம்

வெள்ளிக்கிழமை. என் நிஜக் கிழமை. பெருச்சாளிக்கு அறுபத்து மூன்று குவளை பாக்கி. அடுத்த தடவை, யாரும் எண்ணாதபோது.

லெட்சுமி படி இறங்கித் தெருவரை வந்தாள். என் பையில் ஏதோ துணியில் சுற்றித் திணித்தாள். "ஊருல போயி பாரு." நானே சொன்னேன், "முரளிய பாத்துக்கங்கக்கா." சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். வந்துவிட்டது. "யாதே, யாதே" என்றாள், அழுதுகொண்டே.

கடிதம் கைப்பையிலேயே வந்தது, கைப்பையிலேயே போகிறது. தம்பி குதிப்பான். குதிக்கட்டும்.

விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். இந்தத் தடவை ஜன்னல் ஓரம்.

டிசம்பர் 14, ஞாயிறு. நாகை

தூறல். வீடு முழுக்கத் தைல வாசனை. இவருக்குப் பிடித்துவிட்டது, இரண்டு முட்டிக்கும் தேய்க்கிறார், வலி ஒன்றில்தான்.

காக்கா விஷயம் இவரிடம் சொல்லவில்லை. சொல்லவே போவதில்லை.

லெட்சுமி கொடுத்த துணியைப் பிரித்தேன். அந்த நீல ஓரத் தட்டு. அப்படியானால் முரளிக்கு இப்போது வேறு தட்டு எடுத்திருப்பாள்.

மத்தியானம் சோறு, சங்கரா மீன் குழம்பு. இவர் தட்டில் போட்டேன். பிறகு நீலத் தட்டில் ஒரு கரண்டிச் சோறு, மேலே குழம்பு, வயிற்றுப் பக்கத்துத் துண்டு. அலமாரியில் வைத்துக் கும்பிட்டேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு என்ன, அமாவாசையா? யாருக்கு?"

"யாங்கோன்ல எனக்கு ஒரு அக்கா இருக்கா."

"பாவம், எப்போ?" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முட்டி வலியோடு அலமாரிக்குப் போய்த் தட்டை எடுத்தார். "குடு, நானே காக்காய்க்கு வச்சுட்டு வரேன்."

"கையை எடுங்க! அவ நல்லா இருக்கா!"